மருந்துக்கு முன்னால் ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் 31 வருடம் சின்னப் பிள்ளைகளோடு காலம் கழித்தவள் நான். வைத்தியர் அல்ல, முன்பள்ளி ஆசிரியை. ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமல் அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் நிலை, உள்ளதாகச் சொல்லப்படும் பிள்ளைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதற்கு ஒரே சொல்தான்: குழப்படி.

எல்லாக் குழப்படியும் ஏடிஎச்டி ஆகிவிடாது. வீட்டில் ஆட்டம், முன்பள்ளியில் சாது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். இரண்டு இடங்களிலும், அதுவும் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால்தான் வைத்தியர் அந்தப் பக்கம் யோசிப்பார். காது சரியாகக் கேட்கிறதா, இரவில் நன்றாகத் தூங்குகிறானா என்பதையும் பார்ப்பார். “இரண்டு மணி நேரம் அசையாமல் தொலைபேசி பார்க்கிறானே, இவனுக்கு என்ன குறை?” என்று கேட்பார்கள். பிடித்ததில் மூழ்கிவிடுவதும் இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. சலிப்பூட்டுவதில் நிற்பதுதான் கடினம்.

நாலரை வயது மகனோடு தம்பலகாமத்திலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தாள். மாமியார் நூல் கட்டச் சொல்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணன், “இங்கே மாத்திரை கொடுக்கிறார்கள், நீயும் கொடு” என்கிறான். “எதை ரீச்சர் செய்வது?” என்றாள். இரண்டுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது என்றேன். அதை எனக்குக் கற்றுத்தந்தவர் வைத்தியரும் அல்லர், பேராசிரியரும் அல்லர்.

பல வருடங்களுக்கு முன் பிள்ளைகளைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போயிருந்தோம். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. எங்கள் கூட்டத்தில் ஒரு சுழியன் இருந்தான். அவனிடம் நான் சொன்னது: “செருப்பைக் கழற்றி ஓரமாக வை, துவாயை மதிலில் போடு, வாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் நில்.” ஒரு செருப்பு பறந்தது. ஒன்றுதான். மற்றச் செருப்போடும் தோளில் துவாயோடும் மூன்றாவது கிணற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். பலன் இல்லை.

அவன் தாய் வந்தாள். அவனுக்கு முன்னால் குந்தினாள், மணிக்கட்டை மெல்லப் பிடித்தாள், முகத்தைப் பார்த்தாள். “மற்றச் செருப்பு” என்றாள். கழற்றினான். “கழற்றிவிட்டாய், கெட்டிக்காரன்.” பொறுத்தாள். “துவாய்.” மதிலில் போட்டான். அதற்கும் ஒரு நல்ல வார்த்தை. அதன் பிறகுதான் வாளி. எங்கே படித்தாய் என்று கேட்டேன். சிரித்தாள். “அப்பாவோடு வள்ளத்தில் போவேன் ரீச்சர். வலை இழுக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் சொல்வார். இரண்டு சொன்னால் கை குழம்பிவிடும்.”

ஒரு நேரத்தில் ஒரு சொல். இதைச் சொல்லிச் சொல்லியே நான் கிழவியாகிவிட்டேன், இன்றும் சொல்கிறேன். பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி என்று வைத்தியர்கள் சொல்வதன் சாரம் இதுதான்: கட்டளை சுருக்கமாக இருக்க வேண்டும், செய்ததை அந்தக் கணமே, இன்னதைச் செய்தாய் என்று சொல்லிப் பாராட்ட வேண்டும், சின்னச் சேட்டையைக் கண்டும் காணாமல் விட வேண்டும், சாப்பாடும் தூக்கமும் தினமும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, 4, 5 வயதுப் பிள்ளைக்கு முதல் சிகிச்சை இதுதான் என்கிறது. பிரித்தானியாவின் 2018 வழிகாட்டியும் 5 வயதுக்குக் கீழே இதைத்தான் முன்னால் வைக்கிறது. இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். தகப்பனும் அம்மம்மாவும் சேர்ந்து செய்யாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

அப்படியானால் மருந்து கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் என்ற மருந்து நஞ்சல்ல. 6 வயதுக்கு மேற்பட்ட பல பிள்ளைகளுக்கு அது நன்றாகவே உதவுகிறது. மூன்று முதல் ஐந்தரை வயது வரையான பிள்ளைகளிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. அதிலும் பலன் தெரிந்தது, ஆனால் பெரிய பிள்ளைகளில் தெரிந்த அளவுக்கு இல்லை. பத்தில் ஒரு பிள்ளைக்குப் பக்கவிளைவால் மருந்தை நிறுத்த வேண்டியிருந்தது. பசி குறையும், தூக்கம் பிந்தும், சிலர் சிணுங்குவார்கள். அதனால்தான் எடையையும் உயரத்தையும் விடாமல் பார்க்கிறார்கள். பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் பிள்ளை தெருவுக்கு ஓடுகிறான், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் நிபுணரிடம் மருந்தைப் பற்றிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். காலையில் கொடுக்கும் சாதாரண மாத்திரையின் வேகம் நாலு மணி நேரமளவில் இறங்கிவிடும். மாலையில் பிள்ளை உங்கள் கையில்தான். அப்போதும் அந்த ஒரு சொல் வேண்டும்.

நூலைக் கட்டுவதென்றால் கட்டுங்கள், எனக்கு வழக்கில்லை. அதை நம்பிக் கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். சீனியை நிறுத்தினால் அடங்கிவிடுவான் என்பதும் ஆய்வுகளில் நிற்கவில்லை. பல்லுக்காக வேண்டுமானால் குறையுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி கையைக் காட்டுகிறார். பாடசாலையைப் பற்றி ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், நேரமில்லை. தரம் 1இல் சேர்க்கும்போது வகுப்பு ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாசலுக்கும் யன்னலுக்கும் தள்ளி, முன் வரிசையில் இருத்தச் சொல்லுங்கள். வரவு இடாப்பை அதிபரிடம் கொண்டுபோகும் வேலையை அவனிடமே கொடுக்கச் சொல்லுங்கள், எழுந்து நடக்க அவனுக்கு ஒரு நியாயம் கிடைக்கும். வணக்கம்.