கோரைப்புல்லுக்கும் பால் பாக்கெட்டுக்கும் ஒரே தையல் போதுமா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு பிளவுஸ் டிசைன் எதுவும் இல்லை. மேசையில் கிடப்பது காடாத் துணி, கிழிந்த பாயிலிருந்து உருவிய கோரை, பால் பாக்கெட், ஆர்கன்சா என்கிற மறுபக்கம் தெரியும் மெல்லிய துணி, கொஞ்சம் செம்புக் கம்பி. இவற்றை வைத்துக் கை எம்பிராய்டரியில் சாம்பிள் போடப் போகிறோம். ஒவ்வொன்றும் 15 செ.மீ. சதுரம். எந்தப் பொருள் ஊசிக்கு எப்படி இடம் கொடுக்கிறது என்று பார்க்கத்தான் இது. அழகாகவும் வந்தால் லாபம்.

காடாவை முதலில் வெந்நீரில் அலசி இஸ்திரி போட்டுவிடுங்கள். தைத்த பிறகு துணி சுருங்கினால் மேலே இருக்கும் கம்பி கூடவே சுருங்காது, எல்லாம் மேடு தட்டிவிடும்.

கோரையைத் துணிக்குள் நுழைத்து இழுக்க முடியாது. அதனால் மேலே படுக்க வைத்து, குறுக்கே சின்னச் சின்னத் தையலால் கட்டுகிறேன். கவுச்சிங் என்பது இதுதான். தடித்த ஜரிகைக் கயிற்றையும் இப்படித்தான் துணியில் உட்கார வைப்பார்கள். கோரையை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு எடுங்கள், வளையும். காய்ந்தபடியே வளைத்தால் முறியும். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும் அல்லவா? கட்டு தெரியக் கூடாதென்றால் ஓர் இழை போதும். எனக்குக் கட்டு தெரிவதுதான் பிடிக்கும், ஆறையும் சேர்த்துக் கருஞ்சிவப்பில் போட்டிருக்கிறேன்.

பால் பாக்கெட் வேறு ரகம். துணியில் ஊசி போன ஓட்டை மூடிக்கொள்ளும், பிளாஸ்டிக்கில் மூடாது. நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி அப்படியே கிழிந்து வரும். தையலைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள், பின்னால் ஒரு துணி கொடுங்கள். சிலர் பசை வைத்து ஒட்டிவிட்டு மேலே பேருக்கு நாலு தையல் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, காய்ந்த பசையில் ஊசியே இறங்காது.

ஆர்கன்சாவின் பின்பக்கத்தில் ஹெர்ரிங்போன் என்கிற குறுக்கும் மறுக்குமான தையலைப் போட்டால் முன்பக்கம் நிறம் நிழலாகத் தெரியும். லக்னோவின் ‘சிக்கன்’ எம்பிராய்டரியில் இருக்கும் நிழல் தையல் இதேதான்.

அப்புறம், பல பொருள் கலந்து தைப்பது ஏதோ புது ஃபேஷன் என்று நினைக்காதீர்கள். லம்பாடிப் பெண்களின் உடையில் கண்ணாடி, சோழி, நாணயம் எல்லாம் சேர்ந்தே இருக்கும். தர்மபுரி சித்தேரி மலைப்பக்கம் சிட்டிலிங்கியில் அந்தத் தையலை இன்றும் செய்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் உருளையாகத் தொங்கும் துணித் தொம்பைகளைப் பாருங்கள், துணிமேல் துணி வெட்டி வைத்துத் தைத்தவை. இதற்கு நேரெதிர் நீலகிரித் தோடர்களின் எம்பிராய்டரி. வெள்ளைத் துணி, சிவப்பு, கறுப்பு நூல், அவ்வளவுதான். வரைபடம் கிடையாது, இழையை எண்ணியே போடுவார்கள். 2013-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. சாம்பிளில் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டத் தோன்றும்போது நான் அந்தத் தோடர் வேலையைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

ஒவ்வொரு சாம்பிளின் பின்னாலும் நூல், இழை, ஊசி நம்பர் மூன்றையும் பென்சிலில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் பார்க்கும்போது ஒன்றும் புரியாது. செம்புக் கம்பி வைத்ததை மட்டும் ஈரத்தில் போட்டு வைக்கிறேன். பச்சை இறங்கி வெள்ளை நூலில் பிடிக்கிறதா என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.