தோற்ற பின் வாழ்ந்த படம்

நேயர்களுக்கு வணக்கம். ஜோன் கார்ப்பென்டர் இயக்கிய 'த திங்' என்ற திகில் திரைப்படத்தைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். எந்த உயிரின் உருவத்தையும் அச்சொட்டாக எடுத்துக்கொள்ளும் வேற்றுலக உயிரொன்று, அந்தாட்டிக்கா ஆய்வு நிலையமொன்றில் வாழும் 12 ஆண்களிடையே புகுந்துவிடுவதே கதை. ஜோன் கம்பல் 1938இல் எழுதிய குறுநாவலே இதற்கு மூலம்.

1982 யூன் 25ஆம் திகதி படம் வெளியானபோது காலம் அதற்குக் கைகொடுக்கவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்னர் வந்த ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.ரி.', வேற்றுலகவாசியைக் குழந்தைகளின் தோழனாகக் காட்டி மக்கள் மனதைக் கவர்ந்திருந்தது. கார்ப்பென்டரின் படத்தை விமர்சகர்கள் அருவருப்பானது என்று ஒதுக்கினார்கள். 15 மில்லியன் டொலர் செலவில் உருவான படம் அமெரிக்காவில் 20 மில்லியனைக்கூட எட்டவில்லை.

அவர்கள் பார்க்கத் தவறியது இரத்தப் பரிசோதனைக் காட்சியை என்பேன். விமானியான மக்ரெடி எல்லோருடைய இரத்தத்தையும் சிறு கண்ணாடித் தட்டுகளில் எடுத்து, சூடாக்கிய செப்புக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தொடுகின்றான்; கம்பி சீறி அணையும்போதெல்லாம் ஒருவன் மனிதன் என்று உறுதியாகின்றது. சற்று முன்னர் அவன் சுட்டுக் கொன்றவனின் இரத்தமும் மனித இரத்தமே என்பது அப்போதுதான் தெரியவருகின்றது. இராணுவச் சுற்றிவளைப்புகளின்போது, தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் முகம் மூடிய தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கும், அயலவர் யாருக்குத் தகவல் சொல்வார் என்று அஞ்சி வாய்மூடி வாழ்ந்தவர்களுக்கும், இக்காட்சியின் பயம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதை விளக்கத் தேவையில்லை.

படத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவை ஒளிநாடாக்களும் தொலைக்காட்சியுமே. ஒளிநாடாவை ஓட்டும் டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த எங்கள் ஊரவர்களுக்கு, படமாளிகையில் தோற்ற படம் வீடுகளில் வெல்வது புதுமையாகத் தோன்றாது. பார்த்தவர்கள் நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, எவன் எப்போது மாறினான் என்று வாதாடத் தொடங்கினார்கள். அந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

உருமாற்றக் காட்சிகளை வடிவமைத்த ரொப் பொட்டினுக்கு அப்போது வயது 22 மட்டுமே. இறப்பரையும் இயந்திரப் பொறிகளையும் வைத்துக்கொண்டு ஓய்வில்லாமல் உழைத்து, களைப்பினால் வைத்தியசாலையில் சேர்க்கப்படும் நிலைக்கு அவர் வந்தார். நாய்க்கூட்டில் தோன்றும் உருவத்தை ஸ்டான் வின்ஸ்டன் செய்து கொடுத்தார். கமெராவுக்கு முன்னால் உண்மையாகவே இருந்த பொருள் என்பதால், அதைப் பார்த்து நடிகர்கள் பின்வாங்குவதில் பொய்யில்லை. இதன் முன்கதையாக 2011இல் வந்த படத்திலும் அப்படிப்பட்ட உருவங்கள் செய்யப்பட்டன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றைப் பின்னர் கணினி வரைகலையால் மறைத்துவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள், 1982இன் நாய்க்கூட்டுக் காட்சியிலிருந்தே தொடங்கலாம்.