மேசை எட்டடியா, ஒன்பதடியா?

நேயர்களுக்கு வணக்கம்.

பூல், பில்லியர்ட்ஸ் ஆட்டங்களில் சிறந்தவர்களைச் சேர்த்துக் கௌரவிக்கும் புகழரங்கத்தை அமெரிக்காவின் பில்லியர்ட் காங்கிரஸ் என்ற அமைப்பு 1966இல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே ரால்ஃப் கிரீன்லீஃபும் வில்லி ஹோப்பியும் உள்ளே வந்துவிட்டார்கள். கிரீன்லீஃப் ஆறு குழி மேசையில் மன்னர். ஹோப்பி பெயர் வாங்கியதோ குழியே இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் மேசையில். தலைவலியும் அன்றே தொடங்கிவிட்டது. இருவரையும் எந்தத் தராசில் நிறுப்பது?

கோப்பைகளை எண்ணும் முன், அவை எந்த மேசையில், எந்த விதியில், யாரை எதிர்த்து வந்தவை என்று பார்க்க வேண்டும்.

வில்லி மாஸ்கோனியை எடுத்துக்கொள்வோம். 1954இல் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஸ்ட்ரெய்ட் பூலில் ஒரே மூச்சில் 526 பந்துகளைக் குழியில் தள்ளினார். அந்த ஆட்டத்தில் 14 பந்து விழுந்ததும், பதினைந்தாவதை மேசையிலேயே விட்டுவிட்டு மற்றவற்றை மீண்டும் முக்கோணமாக அடுக்குவார்கள். விட்டுவைத்த பந்தைக் குழிக்கு அனுப்பும் அதே அடியில் வெள்ளைப் பந்து போய் அடுக்கைக் கலைக்க வேண்டும். சரியாகக் கலையாவிட்டாலோ, வெள்ளைப் பந்து கும்பலுக்குள் சிக்கிக்கொண்டாலோ அடுத்த பந்துக்கு வழி இருக்காது. 526 என்றால் 37 அடுக்கு தீர்ந்து, மேலே எட்டு பந்து. மலைப்புத்தான். ஆனால் அது எட்டடி மேசை, அதுவும் காட்சி ஆட்டம். இன்று பெரிய போட்டிகளுக்குப் போடுவது ஒன்பதடி மேசை. பந்து ஓடும் தூரம் கூடக் கூட, குறியில் நூலளவு பிசகினாலும் குழி வாயில் அது விரலளவாகிவிடும். 2022இல் அதே ஆட்டத்தில் ஜேசன் ஷா 714 பந்து எடுத்தார். எதிராளி இல்லை, தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று பேசுவது வீண் வேலை. மாஸ்கோனிக்கு அந்த 526 தேவையே இல்லை. 1941க்கும் 1957க்கும் இடையே 15 உலகப் பட்டங்கள் இருக்கின்றன.

ஒன்பது பந்து வைத்து ஆடும் நைன் பால் ஆட்டத்தில் சிக்கல் வேறு மாதிரி. வென்றவரே அடுத்த பிரேக்கை, அதாவது அடுக்கைக் கலைக்கும் முதல் அடியை, எடுக்கும் விதியில், ஒருவர் நாலைந்து ரேக்கை, அதாவது நாலைந்து சுற்றை, வரிசையாக முடிப்பார். எதிராளி நாற்காலியை விட்டே எழ மாட்டார். மாறி மாறி பிரேக் எடுத்தால் அப்படி ஓட முடியாது. ஏழு ரேக் பந்தயத்தில் தற்செயலாக விழும் ஒரு பந்து முடிவையே புரட்டும். பந்தயம் நீள நீள அதன் வலு குறையும். பட்டப் பட்டியலில் இதெல்லாம் தெரியாது.

எங்கிருந்து வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் 1994இல் நைன் பால் யு.எஸ். ஓப்பனை வென்றபோது, அதை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர்தான். ஜீன் பலுக்கஸ் 1972 முதல் 1978 வரை பெண்களுக்கான பூல் யு.எஸ். ஓப்பனைத் தொடர்ந்து ஏழு முறை வென்றார். அன்று பெண்கள் களம் சிறியது என்று குறைப்பவர்கள் உண்டு. எதிரே நின்றவர்களைத்தான் ஒருவர் ஜெயிக்க முடியும். களம் சிறியதானது அவர் குற்றமா?

புகழரங்கத்தில் சேவைப் பிரிவு தனி. அங்கே கியூ கோலைத் தொடாதவரும் வரலாம். 1971இல் சேர்க்கப்பட்ட ஜான் வெஸ்லி ஹயாட் ஆட்டக்காரர் அல்ல, தந்தப் பந்துக்கு மாற்றாக செல்லுலாய்டைக் கொண்டுவந்தவர். தந்தம் ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் விரிசல் விடும், உருளும்போது ஒரு பக்கம் இழுக்கும். அப்படிப்பட்ட பந்தை வைத்துக்கொண்டு 37 அடுக்கெல்லாம் கனவுதான்.