தூங்கிக் கிடந்த பணத்தை எழுப்பியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

1957இல் எகிப்திலிருந்து ஒரு யூதக் குடும்பம் அகதிகளாகப் பிரிட்டன் வந்து சேர்ந்தது. பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் 1956இல் எகிப்தைத் தாக்கிய சூயஸ் போருக்குப் பிறகு அங்கே அவர்களால் இருக்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு பெட்டிதான் கையில். பதினோரு வயதுப் பையன் ஒருவன், சேர்த்துவைத்த தபால்தலைகளை யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். ஆங்கிலமும் சரியாகத் தெரியாது. அந்தப் பையன்தான் பின்னாளில் சர் பட்டம் பெற்ற ரொனால்ட் கோஹன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், அங்கே ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் என்ற விவாத மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். பிறகு ஹார்வர்டு போனார்.

1972இல் நண்பர்களோடு சேர்ந்து அவர் ஆரம்பித்த நிறுவனமே பின்னர் ஏபாக்ஸ் பார்ட்னர்ஸ் என்று பெயர் பெற்றது. அதன் தொழிலான துணிகர முதலீடு அன்றைய பிரிட்டனில் பலருக்குப் புதிது. அடமானம் கேட்காமல் ஒரு தொழிலில் பணத்தைப் போடுவார்கள். தொழில் ஓடினால் பங்கு. மூழ்கினால் போட்ட பணமும் சேர்ந்து மூழ்கும். நட்டத்தை முதலீட்டாளரே தாங்க வேண்டும். கோஹன் பிற்காலத்தில் செய்த நற்பணிகளுக்கெல்லாம் வேர் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

2000இல் பிரிட்டன் நிதியமைச்சகத்தின் வேண்டுகோளின்படி, ஏழைப் பகுதிகளுக்கு முதலீட்டைக் கொண்டுபோவது எப்படி என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். 2005இல், அறுபதாவது வயதில் ஏபாக்ஸை விட்டு விலகினார். அதே வருடம் இன்னொரு ஆணையத்தின் தலைமை அவரிடம் வந்தது. வங்கிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தை என்ன செய்யலாம் என்பதுதான் அந்த ஆணையத்தின் கேள்வி.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கணக்கு வைத்திருந்தவர் காலமாகியிருப்பார். வீடு மாறி, பாஸ்புத்தகம் தொலைந்துபோயிருக்கும். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. பணம் மட்டும் வங்கியிலேயே கிடக்கும். 2008இல் வந்த சட்டம், பதினைந்து வருடம் வாடிக்கையாளர் தொடாத கணக்குகளின் பணத்தைப் பொதுநலனுக்குத் திருப்பிவிட வழி செய்தது. உரியவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த உரிமையில் சட்டம் கைவைக்கவில்லை. இந்த ஏற்பாட்டின் நேர்மை இங்கேதான் இருக்கிறது. 2012இல் பிக் சொசைட்டி கேபிட்டல் என்ற நிதியம் பிறந்தது. முதல் தலைவர் கோஹன். அதற்காக ஒதுக்கப்பட்ட 60 கோடி பவுண்டில் 40 கோடி இந்தத் தூங்கிய கணக்குகளிலிருந்து வருவது. 20 கோடியை நான்கு பெரிய வங்கிகள் முதலீடாகத் தந்தன. நிதியம் நன்கொடையாக எதையும் தருவதில்லை. தொண்டு அமைப்புகளுக்கு முதலீடு போய்ச் சேரும்படி செய்கிறது, அது திரும்பி வந்ததும் அடுத்தவருக்குக் கொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறைக் கதை. அந்தக் காலத்தில், பன்னிரண்டு மாதத்துக்கும் குறைவான தண்டனை பெற்றவர்கள் விடுதலையாகும்போது கையில் 46 பவுண்டு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கவனிக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருடத்துக்குள் மறுபடி குற்றவாளிகளானார்கள். கோஹன் 2007இல் சேர்ந்து உருவாக்கிய சோஷியல் ஃபைனான்ஸ் என்ற அமைப்பு, இவர்களுக்கு உதவ 2010இல் 17 முதலீட்டாளர்களிடம் 50 லட்சம் பவுண்டு திரட்டியது. நிபந்தனை இதுதான்: மறுகுற்றங்கள் 7.5 சதவீதமாவது குறைய வேண்டும். குறைந்தால் நீதித்துறை அமைச்சகமும், லாட்டரி வருமானத்தைப் பொதுநலனுக்குத் தரும் நிதியமும் பணத்தை ஆதாயத்தோடு திருப்பித் தரும். குறையாவிட்டால் போட்ட பணம் போனதுதான்.

வேலை சிறை வாசலிலேயே தொடங்கியது. வெளியே வருபவரை ஒருவர் எதிர்கொண்டு, அன்றிரவு தங்க இடம், மருத்துவர், போதை சிகிச்சை எல்லாவற்றுக்கும் கூடவே போவார். முன்பு சிறையில் இருந்தவர்களே சிலர் இந்த வேலையைச் செய்தார்கள். கணக்கெடுத்த விதமும் கவனிக்க வேண்டியது. உதவியை ஏற்றுக்கொண்டவர்களை மட்டும் எண்ணவில்லை. விடுதலையான தகுதியுள்ள எல்லோரையும் எண்ணினார்கள். அதனால் திருந்தக்கூடியவரை மட்டும் பொறுக்கி எடுக்க வழியில்லை. 'மறுபடி குற்றம் செய்தாரா இல்லையா' என்று மட்டும் பார்க்காமல் எத்தனை முறை தண்டிக்கப்பட்டார் என்று பார்த்தார்கள். ஒருமுறை தவறி விழுந்தவரையும் கைவிடாமல் இருக்க இது காரணமாயிற்று.

இடையில் அரசு நாடு முழுவதற்குமான வேறு திட்டத்தைக் கொண்டுவந்ததால் இது முன்கூட்டியே முடிக்கப்பட்டது. ஆனாலும் 2017இல் வந்த முடிவின்படி மறுகுற்றங்கள் 9 சதவீதம் குறைந்திருந்தன. முதலீட்டாளர்களுக்கு அசலும், ஆண்டுக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேல் ஆதாயமும் கிடைத்தன.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. ஒப்பந்தம் எழுதவும் அளக்கவுமே பெருஞ்செலவு ஆகிறது, எண்ண முடிந்த நன்மைக்கு மட்டும்தான் பணம் வரும் என்கிறார்கள். இரண்டாவது அச்சம் எனக்கும் உண்டு. மரணப் படுக்கையில் இருப்பவருக்குத் துணையாக இருப்பதை எந்த எண்ணில் எழுதுவது? அதற்கெல்லாம் நன்கொடைதான் வேண்டும். ஆனால் பீட்டர்பரோ மாதிரியான இடத்தில், தோற்றால் நட்டம் வசதி படைத்தவருக்கே, பொதுமக்களின் வரிப்பணத்துக்கு இல்லை என்ற ஏற்பாட்டை நான் மனதார வரவேற்கிறேன்.

இந்த யோசனை இந்தியாவுக்கும் வந்தது. ராஜஸ்தானின் பில்வாராவில் பள்ளிக்கு வராத பெண்பிள்ளைகளைச் சேர்க்க, எஜுகேட் கேர்ள்ஸ் என்ற தொண்டு அமைப்புக்கு யுபிஎஸ் வங்கியின் ஆப்டிமஸ் அறக்கட்டளை முன்பணம் போட்டது. மூன்று வருடம் கழித்து 2018இல் சேர்க்கை, கற்றல் என்ற இரண்டு இலக்கும் தாண்டப்பட்டிருந்தன. பலனுக்கான பணத்தைக் கொடுத்தது லண்டனின் சில்ட்ரன்ஸ் இன்வெஸ்ட்மெண்ட் ஃபண்ட் ஃபவுண்டேஷன்; அதை நிறுவிய கிறிஸ்டோபர் ஹானும் இளமையில் ஏபாக்ஸில் வேலை பார்த்தவர்தான். பீட்டர்பரோவில் பலனுக்குப் பணம் கொடுத்தவர்களில் அந்த நாட்டு அரசும் இருந்தது. பில்வாராவில் கொடுத்தது வெளிநாட்டு அறக்கட்டளை. அந்த இடத்துக்கு நம் அரசுகள் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

நன்றி, வணக்கம்.