கரண்ட் எடுத்த உயிரும் கொடுத்த உயிரும்

(தக்கலை பக்கம் ஒரு நூலக ஆண்டு விழாவில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, இந்த நூலகத்துக்கு மனை தந்த குடும்பத்தின் மூத்தவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இயற்பியல் சொல்லித்தந்த சார் அவர்களே, மைக் செட் போட்டுத் தந்த தம்பிமாரே, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். சார் முன்வரிசையில் இருக்க, நான் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதை என் வாழ்நாள் பேறாக நினைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. 38 வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறவன். மருத்துவத்தில் மின்சாரம் என்ற தலைப்பை மூன்றாகப் பிரித்திருக்கிறேன். முதலில் மீனில் தொடங்கிய பழைய கதை, அடுத்து மனநோய்க்குக் கொடுக்கும் கரண்ட் சிகிச்சை, கடைசியில் இதயம். காலில் முள் தைத்தால் என் அம்மா உடைமுள் ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்து உட்காருவாள். "முள்ளை முள்ளாலதான் மக்கா எடுக்கணும்" என்பாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

கடலில் ஒரு வகைத் திருக்கை உண்டு. உயிரோடு இருக்கும்போது தொட்டால் கை மரத்துப்போகும். நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சுமார் 2,000 வருஷத்துக்கு முன் ரோமாபுரியில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், அந்த மீனை மருந்தாகவே எழுதி வைத்தார். கால்விரல் வீங்கித் துடிக்கும் வாதத்துக்கு, ஈர மணலில் நின்று அந்த மீனை மிதிக்க வேண்டும். முழங்கால் வரை மரத்துப்போகும் வரை நிற்க வேண்டும். தீராத தலைவலிக்கு மீனைத் தலையிலேயே வைக்கச் சொன்னார். மின்சாரம் என்ற ஒன்று தெரியாத காலம் அது!

1740-களில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் லெய்டன் ஜாடி வந்தது. அப்புறம் ஐரோப்பா முழுக்க ஷாக் வைத்தியம்தான். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, லண்டன் ஏழைகளுக்கு இலவசமாகவே கரண்ட் வைத்தியம் செய்தார். 1760-இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். அமெரிக்காவில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினைத் தேடிப் பக்கவாதக்காரர்கள் வந்தார்கள். சில நாள் கை கால் அசைந்தது, பிறகு பழையபடி ஆனது. நிரந்தரமாக யாரும் குணமானதை நான் பார்க்கவில்லை என்று அவரே எழுதினார். கொஞ்சம் தேறியதுகூடத் தினமும் நடந்து வந்ததாலும் நம்பிக்கையாலும் இருக்கலாம் என்றார். பிள்ளைகளே, விஞ்ஞானி என்றால் இப்படி இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் வந்தவர்கள், இடுப்பில் கட்டினால் சகல நோயும் தீரும் என்று மின்சார பெல்ட் விற்றுக் காசு பார்த்தார்கள்.

பிரான்சில் டுஷென் என்ற டாக்டர், தோலின் மேல் கம்பியை வைத்து ஒவ்வொரு தசையாகத் துடிக்கவைத்துப் பார்த்தார். வர்ம ஆசான்மார் விரலால் இடம் தேடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்தக் காட்சி கண்முன்னே வரும்.

இரண்டாவது, மனநோய். 1938-இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கிய, தலையில் கரண்ட் பாய்ச்சும் சிகிச்சை. இன்றைக்கு நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்யவே கூடாது. இதற்குத் தனியாக ஒரு கூட்டம் வேண்டும். நேரம் கருதி இதயத்துக்கு வருகிறேன்.

1899-இல் ஜெனீவாவில் ப்ரெவோ, பட்டெல்லி என்ற இரண்டு பேர் நாய்களை வைத்து ஆராய்ந்தார்கள். கொஞ்சம் கரண்ட் பாய்ந்தால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டுப் புழு மாதிரி நெளிகிறது. அதே இதயத்துக்குப் பலமான ஒரு ஷாக் கொடுத்தால் நெளிவது நின்று, பழையபடி துடிக்கிறது. பார்த்தீர்களா, முள்ளை முள்ளால்! 1947-இல் அமெரிக்காவில் கிளாட் பெக் என்ற சர்ஜன், ஆபரேஷன் மேசையில் இதயம் நின்ற 14 வயதுப் பையனை இப்படித்தான் மீட்டார். 1956-இல் நெஞ்சைத் திறக்காமலே வெளியிலிருந்து ஷாக் கொடுத்துக் காட்டினார் பால் ஸோல்.

இங்கே ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்வீடன் நாடு, 1958. ஆர்னே லார்சன் என்பவருக்கு 43 வயது. இதயத்துக்குள் துடிப்புக்கான சைகை ஓடும் பாதை அடைபட்டு, ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயங்கி விழுகிறார். மனைவி எல்ஸே-மரி பக்கத்திலேயே இருந்து, நின்ற நெஞ்சை உசுப்பிக்கொண்டே இருக்கிறார். இதயத்தைக் கரண்டால் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவியை உடம்புக்குள் வைப்பது பற்றி ஓகே சென்னிங் என்ற சர்ஜனும் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற இன்ஜினியரும் ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். நேரே போனார். மனிதருக்கு வைக்கிற மாதிரி எதுவும் தயாராகவில்லை என்றார்கள். அப்படியானால் தயார் பண்ணுங்கள் என்று நின்றார். சர்ஜனிடம் போவார், இன்ஜினியரிடம் போவார், திரும்பவும் சர்ஜனிடம் வருவார். எமன் பின்னாலேயே நடந்த சாவித்திரியை நாம் கதையில் கேட்டிருக்கிறோம். இந்த அம்மா ஸ்டாக்ஹோமில் நிஜமாக நடந்தார். கடைசியில் இன்ஜினியர் சர்க்யூட்டைச் செய்து, பிசின் ஊற்றி வார்க்க அச்சு தேடினார். கிடைத்தது என்ன தெரியுமா? ஷூ பாலிஷ் டப்பா! அந்த டப்பா அளவில்தான் உலகத்திலேயே உடம்புக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர். 1958 அக்டோபர் 8-இல் வைத்தார்கள். சில மணி நேரத்தில் நின்றுபோனது. கையில் இருந்த இன்னொன்றை வைத்தார்கள். அதன் பிறகு எத்தனையோ பேஸ்மேக்கர் மாற்றி, லார்சன் 86 வயது வரை வாழ்ந்தார். அவரைக் காப்பாற்றிய சர்ஜனும் இன்ஜினியரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.

இனி என் கதை. பல வருஷத்துக்கு முன் ஒரு திருவிழாவுக்குச் சீரியல் செட் கட்டினோம். மழை தூறியது. என்னிடம் வேலை பழகிய பையன், 19 வயது, இரும்புத் தூணைப் பிடித்தபடியே சரிந்தான். மெயினை அணைத்துவிட்டு ஓடினேன். உள்ளங்கையில் ஒயர் தடம் மாதிரி ஒரு வெளுப்பு, அவ்வளவுதான் காயம். சுற்றி நூறு பேர். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார், ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். நானும் காலைத்தான் தேய்த்தேன். நெஞ்சை அழுத்த வேண்டும் என்று அந்த நூறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக அணையும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் இல்லாத இடத்தில் அன்றிலிருந்து நான் வேலை எடுப்பதில்லை.

பேரூராட்சித் தலைவர் அம்மாவிடம் அதனால்தான் கேட்கிறேன். கோதையாற்றில் தண்ணீரும் முப்பந்தலில் காற்றும் கரண்ட் தருகிற மாவட்டம் இது. நம் பேருந்து நிலையத்தில், இதயத்துக்கு ஷாக் கொடுத்து மீட்கும் ஏ.இ.டி. பெட்டி ஒன்று வையுங்கள். திறந்தால் அதுவே என்ன செய்ய வேண்டும் என்று பேசும். நெஞ்சில் இரண்டு ஒட்டுப்பட்டையை ஒட்டினால் துடிப்பைப் பார்த்து, தேவையென்றால் மட்டுமே ஷாக் கொடுக்கும். ஒவ்வொரு நிமிஷத் தாமதத்திலும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் பத்து சதவீதம் குறைகிறது. 108 வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த முதல் நிமிஷங்கள் நம் கையில்தான். அந்தப் பையனை முள் தைத்தது. எடுக்கிற முள் எங்கள் பக்கத்தில் இல்லை.

பெட்டி வரும் வரை கை இருக்கிறது. தம்பிமாரே, அந்த மேசையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்திருக்கிறேன், தரையில் போடுங்கள். சார், நீங்கள் கடிகாரம் பாருங்கள்: நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்து, இரண்டு அங்குல ஆழம். முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக வாருங்கள். தலைவர் அம்மா, முதலில் நீங்கள்.