கேட்காமல் போட்ட கட்டுப்பாடு நிற்குமா?

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம். ஒழுங்கு நிலைப்பது ஆணையாலா, உடன்பாட்டாலா என்பது தலைப்பு. உடன்பாட்டால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

மேலே இருப்பவர் இறுக்கிப் பிடித்தால்தான் கீழே கட்டுப்பாடு இருக்கும் என்றார் எதிரணித் தலைவர். ஐயா, இதை வேலூரில் நின்றுகொண்டா சொல்வது? நம் கோட்டைக்குள் இறுக்கிப் பிடித்துப் பார்த்தார்களே! ஆங்கிலேயக் கம்பெனியின் சென்னைப் படைத்தளபதி கிராடக் இந்தியச் சிப்பாய்களுக்கு விதி போட்டார். நெற்றியில் நீறு, நாமம் கூடாது. தாடி கூடாது. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும். கவர்னர் பெண்டிங்க் ஒப்புதல் தந்தார். மாட்டோம் என்றவர்களுக்குச் சவுக்கடி. தலைப்பாகையைச் சுமக்கப் போகிற சிப்பாயிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1806 ஜூலை 10, பொழுது விடியுமுன் புரட்சி வெடித்தது. திப்பு சுல்தானின் பிள்ளைகள் கோட்டையில் காவலில் இருந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை ரத்தம் சிந்த வைத்து அடக்கியது. அடக்கிய பிறகாவது அந்த ஆணை நின்றதா? ஆணையை வாபஸ் வாங்கினார்கள். கிராடக்கையும் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

அடுத்து வந்த பேராசிரியர் கேரட் ஹார்டினைத் துணைக்கு அழைத்தார். பொதுச்சொத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968-ல் எழுதியவர். அது சரிதானா என்று எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் களத்துக்கே போய்ப் பார்த்தார். நேபாளத்தில் அரசு நடத்திய பாசனத்தைவிட உழவர்கள் நடத்தியது பெரும்பாலும் நன்றாக நடந்தது. 2009-ல் பொருளாதார நோபல் பெற்றவர் அவர். வடஆற்காட்டு ஏரிப் பாசனக்காரர்களுக்கு இது தெரியாததா? தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். தண்ணீர் பங்கிட ஊர் வைத்த ஆளான நீர்க்கட்டி மண்வெட்டியோடு போய் ஒரு வயலின் மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் திறந்துவிடுவார். பண்ணைக்காரர் கேட்டார் என்று முறையை மாற்றினால், ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். நீர்க்கட்டிக்குக் கூலி, களத்துமேட்டில் ஊரார் அளக்கும் நெல்.

எதிரணித் தோழி எழுப்பிய கேள்விதான் கனமானது. ஊர் உடன்பாடு என்பதே சாதிக் கட்டுப்பாடுதானே, கிராமத்தை அறியாமையின் குகை என்று 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னாரே என்றார். அம்பேத்கர் சொன்னது உண்மை. அந்த ஊர்க்கூட்டத்துக்குச் சேரி மக்களை அழைத்து யாராவது சம்மதம் கேட்டார்களா? கேட்காமல் சுமத்தியதற்கு உடன்பாடு என்று எப்படிப் பெயர் வைப்பது? அது பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஆணை. நடுவர் அவர்களே, அதை எதிரணியின் கணக்கில் எழுதுங்கள்.