கையெழுத்துப் போட வாருங்கள்

(மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங்கில் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியவர்களுக்கு வணக்கம். பின்வரிசையில் நிற்கும் தம்பி தங்கைகளே, முன்னால் வாருங்கள். இன்று பேச வந்தது உங்களோடுதான்.

2019 செப்டம்பரில் பருவநிலைக்காக உலகமெங்கும் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். கோலாலம்பூரிலும் இறங்கினார்கள். பந்திங்கில் இருந்துகொண்டு நாம் என்ன செய்வது என்கிறீர்கள். நம் வாசலில் நடந்ததையே சொல்கிறேன்.

2020 பிப்ரவரியில், கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் சுமார் 930 ஹெக்டரை வனப் பட்டியலிலிருந்து நீக்கப்போவதாக நாளிதழில் அறிவிப்பு வந்தது. அது சதுப்புக் காடு. மலாயில் காம்புட் என்கிறோமே, அந்த மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கட்டையும் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்து படிந்தது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அதில் அடங்கிய கரிமம் கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கும். காய்ந்து தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே நாள்கணக்கில் புகையும். அந்தப் புகை என்ன செய்யும் என்று ஆஸ்துமா பிள்ளையை வைத்திருக்கும் தாயைக் கேளுங்கள். நமக்குச் சோறு போட்ட செம்பனையும், அதாவது எண்ணெய்ப் பனையும், பல இடங்களில் இப்படி வடித்த சதுப்பில்தான் நிற்கிறது. இதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களில் தெமுவான் இனத்தார் எதிர்த்து எழுந்தார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகளும் இளைஞர்களும் கூடச் சேர்ந்தார்கள். சிலாங்கூரில் வனக் காப்பகத்தை நீக்குமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் போயின. அப்படியிருந்தும் 2021 மே மாதமே 536 ஹெக்டரை நீக்கிவிட்டார்கள் என்பது ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. மக்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 8ஆம் நாள் மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது.

அந்த ஆட்சேபங்களில் தோட்டப்புறத்துக் கையெழுத்துகள் இன்னும் நிறைய இருந்திருக்க வேண்டும். அதுதான் என் மனக்குறை.

ஒன்றுசேரத் தெரியாதவர்களா நாம்? 1941இல் இதே கிள்ளான் வட்டாரத்துப் பால்மரத் (ரப்பர்) தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானாலே வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடுகிறது. உங்கள் மனுவைச் சட்டமன்ற உறுப்பினர் படித்தே ஆக வேண்டிய காலம் இது.

ஒவ்வொரு தோட்டத்துக்கும், தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்கும் இருவர் பொறுப்பேற்க வேண்டும். நிலம், வனம் பற்றிய அறிவிப்புகளைக் கவனிப்பது ஒருவர் வேலை. மலாயில் ஆட்சேபம் எழுதுவது மற்றவர் வேலை. எழுதியதைத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் விளக்கி, அவர்கள் சம்மதித்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். ஓராங் அஸ்லி கிராமத்துக்குப் போனால் முதலில் அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். கொளுத்தும் வெயிலில் குலை வெட்டும் நம் ஆட்களுக்கும் வங்காளதேசத் தொழிலாளிகளுக்கும் நிழலும் தண்ணீரும் ஓய்வு நேரமும் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்குத் தனி மனு ஒன்று போக வேண்டும். அதை இன்று இரவே எழுதத் தொடங்குவோம்.

வாசல் மேசையில் பதிவேடு இருக்கிறது. பெயரோடு எந்தத் தோட்டம், எந்தத் தாமான் என்பதையும் எழுதுங்கள்.